லேப்டாப்பில் ‘ஸ்லீப்’ காணாமல் போனால்: தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் போன் செய்தாள். “மாமா, ஸ்டார்ட் மெனுல பவர் பட்டனை அமுக்கினா ஷட்டவுன், ரீஸ்டார்ட் ரெண்டுதான் வருது. ஸ்லீப்பைக் காணோம்.” முந்தைய வாரம்தான் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கியிருந்தாள். கடையில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி மூடியை மூடிவிட்டுப் படுத்தால், காலையில் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சூடாக இருக்கிறதாம், பேட்டரி சுத்தமாகக் காலியாம்.

அதற்குள் மூன்று வீடியோ பார்த்துவிட்டாள். மூன்றும் மூன்று விதமாக ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில், கை வைக்கச் சொல்லியிருந்தன. நல்லவேளை, எதையும் தொடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள்.

ஸ்லீப் காணாமல் போவதற்குக் காரணம் ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கின்றன. ஒன்றுக்குச் சொன்ன மருந்து இன்னொன்றுக்கு விஷமாகவும் ஆகலாம். ஆனால் எந்தக் காரணம் என்பதை லேப்டாப்பே எழுத்தில் சொல்லிவிடும். அதைக் கேட்காமல் மருந்து தேடுவதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு நான் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். இங்கும் ஆணைகளை அதே மாதிரி வாயால் சொல்வது போலத்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மேக்கும் லினக்ஸும் கடைசியில்.

முதலில் மெனுவில் ஒரு டிக்

சிலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

ஸ்டார்ட் தேடல் பெட்டியில் ‘கன்ட்ரோல் பேனல்’ என்று தட்டித் திறங்கள். வலது மேல் மூலையில் ‘வியூ பை’ என்பதை ‘லார்ஜ் ஐகான்ஸ்’ ஆக்கினால் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ கண்ணில் படும். அதற்குள் இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்ற வரி. அதை அழுத்தியதும் வரும் பக்கத்தின் மேற்பகுதியில், சின்னக் கேடயப் படத்துக்குப் பக்கத்தில், ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள்’ என்று நீல எழுத்தில் இருக்கும். அதை அழுத்தாமல் கீழே போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும். நிறையப் பேர் அங்கேயே ‘லாக் ஆகியிருக்கு’ என்று திரும்பிவிடுகிறார்கள்.

அழுத்தியபின் பக்கத்தின் அடியில் ‘ஷட்டவுன் செட்டிங்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஸ்லீப், ஹைபர்நேட், லாக் என்று நான்கு கட்டங்கள் இருக்க வேண்டும். ஸ்லீப் கட்டம் இருந்து டிக் மட்டும் இல்லையென்றால், டிக் போட்டு ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுங்கள். பவர் மெனுவுக்கு ஸ்லீப் திரும்பிவிடும்.

கட்டமே இல்லையென்றால் கதை வேறு. விண்டோஸ் அதை மறைத்து வைக்கவில்லை, ‘இந்த லேப்டாப்பால் தூங்க முடியாது’ என்று முடிவே செய்துவிட்டது. அக்கா மகளின் திரையில் ‘லாக்’ மட்டும் தனியாக நின்றது. ஸ்லீப் மட்டுமல்ல, ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும்கூட இல்லை. அதுவே ஒரு துப்பு. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

லேப்டாப்பிடமே கேளுங்கள்

ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் 11-இல் ‘டெர்மினல் அட்மின்’, 10-இல் பெரும்பாலும் ‘பவர்ஷெல் அட்மின்’ என்பதைத் திறங்கள். கறுப்போ நீலமோ ஒரு ஜன்னல் வரும். அதில் தட்ட வேண்டியது: பவர் என்ற ஆங்கிலச் சொல், அதோடு ஒட்டியபடியே சி, எஃப், ஜி. பிறகு ஓர் இடைவெளி. பிறகு கேள்விக்குறி இருக்கும் விசையை ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் வருமே, அந்தச் சாய்கோடு. அதை ஒட்டி ஏ. அவ்வளவுதான், என்டர். இனி இந்த ஆணையை ‘பவர்சிஎஃப்ஜி’ என்று சொல்கிறேன்.

பதில் இரண்டு பகுதிகளாக வரும். மேலே, இந்த லேப்டாப்பில் இருக்கும் தூக்க நிலைகள். கீழே, இல்லாதவை. நமக்கு வேண்டியது கீழ்ப் பகுதிதான். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கொஞ்சம் உள்தள்ளி அது ஏன் இல்லை என்ற காரணம் இருக்கும். அதை அப்படியே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதையாவது மாற்றிவிட்டு ‘முன்னாடி எப்படி இருந்துச்சு?’ என்று யோசிக்கும்போது உதவும்.

இதில் வரும் எஸ்1, எஸ்2, எஸ்3 எல்லாம் ஏசிபிஐ என்ற தரநிலையிலிருந்து வந்தவை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டது அது. நமக்கு வேண்டியது மூன்றுதான். எஸ்3 என்பது பழைய தூக்கம்: ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரன்ட், மற்றதெல்லாம் ஆஃப். எஸ்4 என்பது ஹைபர்நேட்: ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுவதும் ஆஃப். எஸ்0 லோ பவர் ஐடில் என்பது புதிய தூக்கம், மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் மாடர்ன் ஸ்டான்ட்பை. கிட்டத்தட்ட மொபைல் போன் மாதிரி திரை மட்டும் அணைந்து, உள்ளே அரைத் தூக்கம்.

எஸ்1-க்கும் எஸ்2-க்கும் ‘ஃபர்ம்வேர் (லேப்டாப்பிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) சப்போர்ட் இல்லை’ என்று வந்தால் பதறாதீர்கள். இன்றைய லேப்டாப்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அப்படித்தான் வரும். அதேபோல எஸ்3, எஸ்0 இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டுமே கீழ்ப் பகுதியில் கிடந்தால்தான் ஸ்லீப் கட்டமே மறையும்.

‘இன்டர்னல் சிஸ்டம் காம்போனென்ட்’ என்று வந்தால்

அக்கா மகள் வாசித்துக் காட்டியது இதுதான். எஸ்3-க்குக் கீழே, சிஸ்டத்தின் உள் பாகம் ஒன்று இந்த நிலையை முடக்கியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி, அதற்கு அடியில் கிராஃபிக்ஸ் தொடர்பான ஒரு பெயர். ஹைபர்நேட்டுக்குக் கீழேயும் அதே வரி. பழைய லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் ஏற்றியபின் ஸ்லீப் போனால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

காரணம் எளிது. ஒவ்வொரு கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அதை இயக்க அதற்கென்று ஒரு டிரைவர் மென்பொருள் உண்டு. அது கிடைக்காதபோது விண்டோஸ் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பொது டிரைவரை வைத்துத் திரையை ஓட்டுகிறது. அதற்குப் படம் காட்ட மட்டும்தான் தெரியும். சிப்பைத் தூங்கவைத்துத் திரும்ப எழுப்பத் தெரியாது. எழுப்ப முடியாததைத் தூங்கவைத்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அதனால் விண்டோஸ் ஸ்லீப்பையும் ஹைபர்நேட்டையும் சேர்த்தே தூக்கிவிடுகிறது. மூடியை மூடினாலும் திரை அணையுமே தவிர உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் அடிப்பக்கம் சுட்டது அதனால்தான்.

“பிரைட்னஸ் கூட்டிக் குறைக்க முடியுதா?” என்று கேட்டேன். “அதுவும் வேலை செய்யலை மாமா, கடையில கேட்டப்ப அது பழைய மாடல், அப்படித்தான் இருக்கும்னாங்க” என்றாள். மாடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரைட்னஸ் அசையாமல் நிற்பது, எழுத்துகள் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது, புரொஜெக்டரையோ இன்னொரு மானிட்டரையோ சொருகினால் படம் வராதது, இவற்றோடு ஸ்லீப்பும் இல்லையென்றால் டிரைவர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

உறுதி செய்துகொள்ள ஸ்டார்ட் மேல் வலது கிளிக், ‘டிவைஸ் மேனேஜர்’, அதில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’. அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் இருக்க வேண்டும். ‘பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் குற்றவாளி அதுதான்.

சரிசெய்ய முதலில் சுலபமான வழி. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’, அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’; 10 என்றால் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே ‘வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்’. ‘டிரைவர் அப்டேட்ஸ்’ என்ற பகுதியில் டிஸ்ப்ளே என்று ஏதாவது இருந்தால் டிக் போட்டு இறக்குங்கள். கிடைக்கவில்லையென்றால் லேப்டாப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டெல்லில் ‘சர்வீஸ் டேக்’, மற்றவற்றில் ‘சீரியல் நம்பர்’. லேப்டாப் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் சப்போர்ட் பகுதிக்குப் போய் அந்த எண்ணைக் கொடுத்தால், அதே மாடலுக்கான டிரைவர் பட்டியல் வரும். கிராஃபிக்ஸை மட்டும் இறக்காமல் சிப்செட் டிரைவரையும் சேர்த்து இறக்குங்கள். முதலில் சிப்செட், பிறகு கிராஃபிக்ஸ், பிறகு ரீஸ்டார்ட். ‘எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்’ என்று விளம்பரம் வரும் மென்பொருள்களின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஸ்லீப்பைத் தேடிப் போய் வைரஸோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மிகப் பழைய சிப் என்றால் விண்டோஸ் 10, 11-க்கான டிரைவரே வெளிவராமல் போயிருக்கலாம். அப்போது விண்டோஸ் 7 அல்லது 8-க்கான டிரைவரை ‘கம்பாட்டிபிலிட்டி’ முறையில் போட்டுப் பார்க்கலாம். சில நேரம் ஒத்துவரும். வராவிட்டால் அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் நல்ல துணை.

ரீஸ்டார்ட் ஆனதும் அவள் திரையில் எழுத்துகள் சட்டென்று கூர்மையாகின. பிரைட்னஸ் அசைந்தது. பவர் மெனுவில் ஸ்லீப் வந்து உட்கார்ந்திருந்தது.

‘ஃபர்ம்வேர்’ என்று வந்தால் பயாஸைப் பாருங்கள்

எஸ்3-க்கும் எஸ்0-க்கும் இரண்டுக்குமே ‘சிஸ்டம் ஃபர்ம்வேர் டஸ் நாட் சப்போர்ட்’ என்று வந்தால், விண்டோஸுக்குள் எதைக் குடைந்தும் பயனில்லை. விண்டோஸுக்கு முன்பே கண்விழிக்கும் பயாஸ் ‘எனக்குத் தூங்கத் தெரியாது’ என்று அறிவித்துவிட்டது என்று பொருள்.

உள்ளே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ இருக்கும் லேப்டாப்பில் பயாஸில் கை வைத்தால், அடுத்த முறை 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று வேறொரு போனிலோ கணினியிலோ பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள்.

லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், ஏசர், அசூஸ் என்றால் பெரும்பாலும் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பவர் என்ற தலைப்பின் கீழ் தேடுங்கள். டெல்லின் பல மாடல்களில் ‘பிளாக் ஸ்லீப்’ என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் விண்டோஸில் ஸ்லீப் இருந்த சுவடே தெரியாது. இரவு பகலாக ஓட வேண்டிய கணினி நடுவில் தூங்கிவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கான வசதி அது. கைமாறி வந்த லேப்டாப்பில் முந்தைய சொந்தக்காரர் ஆன் செய்துவிட்டுப் போயிருந்தால் புதியவருக்குத் தலைவலி.

திங்க்பேட்களில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற வரி பல மாடல்களில் இருக்கிறது. அதில் ‘விண்டோஸ் 10’ என்று தேர்ந்தெடுத்தால் எஸ்0, ‘லினக்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் எஸ்3. 2018-இல் வந்த எக்ஸ்1 கார்பன் 6-ஆம் தலைமுறை, எஸ்3 இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் பயனாளர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு அந்த ஆண்டே பயாஸ் அப்டேட் மூலம் இந்த வரி சேர்க்கப்பட்டது. இதை மாற்றுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒருமுறை எஸ்0-வில் நிறுவிய விண்டோஸை அப்படியே எஸ்3-க்கு மாற்றுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்கிறது.

பயாஸில் எதுவும் சிக்கவில்லையென்றால் அதன் பதிப்பைப் பாருங்கள். பழையதாக இருந்தால் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை இறக்கி நிறுவலாம். சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும். கரன்ட் போய் வரும் நேரத்தில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் லேப்டாப்பே எழுந்திருக்காமல் போகலாம்.

எஸ்3 மட்டும் இல்லை, எஸ்0 இருக்கிறது

இது பழுதல்ல. ஆனால் அதிகப் பேரைக் குழப்புவது இதுதான்.

2012-இல் விண்டோஸ் 8-உடன் ‘கனெக்டட் ஸ்டான்ட்பை’ என்ற பெயரில் தொடங்கியது, விண்டோஸ் 10-இல் மாடர்ன் ஸ்டான்ட்பை ஆனது. இன்டெலின் 11-ஆம் தலைமுறை காலத்திலிருந்து வரும் பல லேப்டாப்களில் பழைய எஸ்3 கிடையவே கிடையாது. இவற்றில் ஸ்லீப் மெனுவில் இருக்கும். காணாமல் போவது மற்றவை: பவர் ஆப்ஷன்ஸில் ‘பேலன்ஸ்டு’ என்ற ஒரே திட்டம்தான் மிஞ்சும், ‘பவர் சேவர்’, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ இரண்டும் இருக்காது. அட்வான்ஸ்டு ஜன்னலைத் திறந்தால் பழைய லேப்டாப்பில் இருந்ததில் பாதிகூட இல்லை என்று தோன்றும். டிவைஸ் மேனேஜரில் பல கருவிகளுக்கு ‘பவர் மேனேஜ்மென்ட்’ டேபும் தெரியாது.

விண்டோஸ் இவற்றை வேண்டுமென்றேதான் மறைக்கிறது. எந்தப் பாகம் எப்போது தூங்க வேண்டும் என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் எண்ணம். எண்ணம் நல்லதுதான், நடைமுறையில் சறுக்குகிறது. அரைத் தூக்கத்தில் இருக்கும் லேப்டாப் மெயில் பார்க்கும், அப்டேட் தேடும். ஏதோ ஒரு டிரைவர் சரியாக அடங்கவில்லையென்றால் பைக்குள்ளேயே கொதிக்கும்.

எஸ்3-ஐத் திரும்பக் கொண்டுவர முயல்வதைவிட, மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி செய்வதுதான் என் பழக்கம். பவர் ஆப்ஷன்ஸில் ‘சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்’ என்ற பக்கத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். ‘ஆன் பேட்டரி’ பத்தியில் ஹைபர்நேட், ‘ப்ளக்டு இன்’ பத்தியில் ஸ்லீப். மேசையில் சார்ஜரோடு இருக்கும்போது சட்டென்று விழிக்கும், பையில் போட்டால் முழுவதும் அணையும். எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்பில் ஹைபர்நேட்டிலிருந்து எழச் சில நொடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அந்த ரெஜிஸ்ட்ரி வைத்தியம்

அக்கா மகள் பார்த்த வீடியோ ஒன்றில் சொன்னது இதைத்தான். ரெஜிஸ்ட்ரியில் ‘பிளாட்ஃபார்ம் ஏஓஏசி ஓவர்ரைடு’ என்று ஒரு மதிப்பை உருவாக்கி அதில் 0 போட்டால், விண்டோஸ் எஸ்0-வை விட்டுவிட்டு எஸ்3-ஐத் தேடும். ஃபர்ம்வேரில் எஸ்3 இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால்? எஸ்0-வும் போய், எஸ்3-யும் இல்லாமல், ஸ்லீப் என்ற சொல்லே மெனுவிலிருந்து அழிந்துவிடும். நேற்றுவரை இருந்த ஸ்லீப் இன்றைக்கு இல்லை, நடுவில் யாரோ ‘ஆப்டிமைஸ்’ செய்தார்கள் என்றால் இங்கே பாருங்கள்.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ‘ரெஜெடிட்’ என்று தட்டி என்டர். இடப்பக்க மரத்தில் ‘எச்கீ லோக்கல் மெஷின்’, அதற்குள் ‘சிஸ்டம்’, ‘கரன்ட் கன்ட்ரோல் செட்’, ‘கன்ட்ரோல்’, ‘பவர்’ என்று வரிசையாக இறங்குங்கள். வலப்பக்கப் பட்டியலில் ‘பிளாட்ஃபார்ம்’ என்று தொடங்கும் அந்தப் பெயர் இருந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சாதாரணமாக அந்தப் பெயர் அங்கே இருக்காது. பழைய வழிகாட்டிகளில் ‘சிஎஸ் எனேபிள்டு’ என்பதை மாற்றச் சொல்வார்கள். விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்குப் பிறகு அது பலிப்பதில்லை.

ஸ்லீப் இருக்கிறது, ஹைபர்நேட் இல்லை

மெனுவில் ஹைபர்நேட் இயல்பாகவே காட்டப்படாது. முதலில் சொன்ன நான்கு கட்டங்களில் ஹைபர்நேட்டுக்கு டிக் போட்டால் போதும். கட்டமே இல்லையென்றால், அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, எச், இடைவெளி, ஆன். என்டர் தட்டினால் பதில் எதுவும் வராது, கர்சர் அடுத்த வரிக்குப் போகும். அதுதான் வெற்றி.

இது ஏன் ஆஃப் ஆகிறது? சி டிரைவில் இடம் இல்லை என்று யாராவது முனகும்போது, உடனே சொல்லப்படும் யோசனை ஹைபர்நேட்டை ஆஃப் செய்வதுதான். ராமைக் கொட்டி வைக்க விண்டோஸ் ஒரு மறைவான கோப்பை ஒதுக்கியிருக்கும். வழக்கமான அளவு ராமில் 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் ஏறக்குறைய 6.4 ஜிபி. அந்த இடம் கிடைக்கிறது, பதிலுக்கு ஹைபர்நேட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போகின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கோப்பு ‘ரெட்யூஸ்டு’ வகையாக, அதாவது 20 சதவீதமாகச் சுருக்கப்பட்டிருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் வேலை செய்யும், ஹைபர்நேட் வராது. கோப்பைத் திரும்ப முழு வகையாக்க ஆணை: பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, சாய்கோடு டைப், இடைவெளி, ஃபுல்.

கீழ்ப் பகுதியில் ‘ஹைபிரிட் ஸ்லீப்’ இல்லை, ஹைப்பர்வைசர் ஆதரிக்கவில்லை என்று வந்தால் விட்டுவிடுங்கள். லேப்டாப்புக்கு அது தேவையில்லை.

அலுவலக லேப்டாப் என்றால்

செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே, சில அமைப்புகளை உங்கள் ‘ஆர்கனைசேஷன்’ நிர்வகிக்கிறது என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் தேடும் ஸ்லீப் உங்கள் ஐடி துறையின் மேசையில் இருக்கிறது. அவர்களிடம் கேளுங்கள். நீங்களாகத் திறந்தாலும் அடுத்த முறை நெட்வொர்க்கில் இணையும்போது திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

சொந்த லேப்டாப்பில் அந்த வரி வந்தால், அது விண்டோஸ் புரோ பதிப்பு என்றால், ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் வருவது) ‘ஜிபிஎடிட்’ என்று தட்டி, கடைசியில் புள்ளி வைத்து எம்எஸ்சி சேருங்கள். ‘கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘பவர் மேனேஜ்மென்ட்’, ‘ஸ்லீப் செட்டிங்ஸ்’. அங்கே ‘அலோ ஸ்டான்ட்பை ஸ்டேட்ஸ்’ என்று தொடங்கும் இரண்டு வரிகள், பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று. இரண்டையும் ‘நாட் கான்ஃபிகர்டு’ ஆக்குங்கள். மெனுவில் மட்டும் ஸ்லீப்பை மறைக்கும் இன்னொரு வரி ‘விண்டோஸ் காம்போனென்ட்ஸ்’ கீழே ‘ஃபைல் எக்ஸ்ப்ளோரர்’ பகுதியில் இருக்கிறது. ஹோம் பதிப்பில் இந்தக் கருவி வராது.

கைமாறிய லேப்டாப்பை முதல் முறை ஆன் செய்யும்போதே ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், ஸ்லீப்பை மறந்துவிடுங்கள். அந்த லேப்டாப் இன்னும் அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் இருக்கிறது. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஸ்லீப் இருக்கிறது, நேரம் வைக்கும் இடத்தைக் காணோம்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பேட்டரி’. அதில் ‘ஸ்க்ரீன் அண்ட் ஸ்லீப்’ என்று ஒரு வரி, புதிய பதிப்புகளில் ஹைபர்நேட்டையும் சேர்த்து நீண்ட பெயரில். அது மடித்து வைத்த வரி, அதன் மேலேயே அழுத்தினால்தான் விரியும். பலர் அதைத் தலைப்பு என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

கேமிங் மென்பொருளோ ‘டியூன்அப்’ வகையறாவோ தனக்கென்று ஒரு பவர் பிளானைப் போட்டு நேரங்களைக் குழப்பியிருந்தால், எல்லாவற்றையும் பிறந்தமேனிக்குக் கொண்டுவர ஓர் ஆணை உண்டு. பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, மைனஸ் கோடு, ரெஸ்டோர் டிஃபால்ட் ஸ்கீம்ஸ் என்ற மூன்று சொற்களும் இடைவெளியில்லாமல். நீங்களே உருவாக்கிய பிளான்களும் அழிந்துவிடும்.

மறைந்திருக்கும் ஒரு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஸ்லீப் ஆஃப்டர்’ என்பதில் 30 நிமிடம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் லேப்டாப் தானாக விழித்து இரண்டே நிமிடத்தில் திரும்பத் தூங்கிவிடுகிறது. இது ‘சிஸ்டம் அன்அட்டெண்டடு ஸ்லீப் டைம்அவுட்’ செய்யும் வேலை. மனிதர் யாரும் தொடாமல் விழித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது அது, வழக்கமான மதிப்பு 2 நிமிடம். அட்வான்ஸ்டு ஜன்னலில் அதைக் காட்ட, முன்பு ரெஜிஸ்ட்ரியில் போன அதே ‘பவர்’ ஃபோல்டருக்குள் ‘பவர் செட்டிங்ஸ்’, அதற்குள் 238 என்று தொடங்கும் நீண்ட எண், அதற்குள் 7 என்று தொடங்குவது. வலப்பக்கம் ‘ஆட்ரிபியூட்ஸ்’ என்பதை 2 ஆக்குங்கள். பிறகு பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு ஜன்னலில் ‘ஸ்லீப்’ தலைப்பின் கீழ் அது வந்துவிடும்.

எல்லாம் வந்தும் தூங்க மறுத்தால்

ஸ்லீப் திரும்பிய மறுநாளே அவளிடமிருந்து இன்னொரு போன். மெனுவில் அழுத்தினால் தூங்குகிறது, தானாகத் தூங்குவதில்லை. இதற்கும் லேப்டாப்பையே கேட்கலாம். அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ரிக்வெஸ்ட்ஸ். ‘டிஸ்ப்ளே’, ‘சிஸ்டம்’ என்று தலைப்புகள் வரும். எல்லாவற்றிலும் ‘நன்’ என்று இருந்தால் யாரும் பிடித்துவைக்கவில்லை. அவளுக்கு ‘சிஸ்டம்’ கீழே ஆடியோ ஓடுவதாக வந்தது. பிரவுசரில் எங்கோ ஒரு டேபில் சத்தத்தைக் குறைத்து வைத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தூங்கியது தானாக எழுந்துவிட்டால் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ இருந்த இடத்தில் ‘லாஸ்ட்வேக்’ என்று சேர்த்து எழுதுங்கள், கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். மவுஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் மவுஸின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ டேபில் கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடலாம்.

மாடர்ன் ஸ்டான்ட்பை லேப்டாப்பில் ராத்திரியில் பேட்டரி கரைந்தால் அதே ஆணையில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ இருந்த இடத்தில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று தட்டுங்கள். கடந்த 3 நாட்களின் அறிக்கை ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும், எங்கே என்பதை டெர்மினலே காட்டும். பிரவுசரில் திறந்தால் ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, எந்த டிரைவரோ செயலியோ விழித்திருந்தது என்று தெரியும். பெயர் தெரிந்தபின் அதன் டிரைவரைப் புதுப்பிப்பதோ அந்தச் செயலியை நீக்குவதோ உங்கள் கையில்.

மேக்கும் லினக்ஸும்

2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவில் செட்டிங்ஸ் முழுவதையும் இடம் மாற்றிவிட்டார்கள். திரை அணையும் நேரம் ‘லாக் ஸ்க்ரீன்’ பகுதிக்குப் போய்விட்டது. சார்ஜர் சொருகியிருக்கும்போது திரை அணைந்தாலும் மேக்புக் தூங்காமல் இருக்க வேண்டுமா என்பது ‘பேட்டரி’ பகுதியில் ‘ஆப்ஷன்ஸ்’ பட்டனுக்குள். ஸ்லீப் ஆப்பிள் மெனுவிலேயே இருக்கிறது.

உபுண்டுவில் ஹைபர்நேட் மெனுவில் வராதது 12.04 பதிப்பிலிருந்தே அப்படித்தான். வேண்டுமென்றால் ராம் அளவுக்காவது ஸ்வாப், அதாவது ராமில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்கில் ஓர் இடம், வைத்து நீங்களேதான் அமைக்க வேண்டும். ஸ்லீப் எந்த வகை என்று பார்க்க, ‘சிஸ்’ ஃபோல்டருக்குள் ‘பவர்’, அதற்குள் ‘மெம் ஸ்லீப்’ என்று நடுவில் அடிக்கோடுடன் இருக்கும் கோப்பைப் படியுங்கள். ‘டீப்’ என்ற சொல் இருந்தால் எஸ்3 உண்டு. சதுர அடைப்புக்குள் எந்தச் சொல் இருக்கிறதோ அதுதான் இப்போது நடப்பில் இருப்பது.